பி.காம். நிதி மேலாண்மை: என்.பி.வி. விடை ஒத்துவரவில்லை. என்.ஐ.எஸ்.எம். தேர்வு, ப்ராஜெக்ட் பற்றியும் கேட்க வேண்டும் (நீலகிரி)

கோத்தகிரி_பிகாம்:

வணக்கம். ஊர் கோத்தகிரி, ஊட்டியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. இந்த செமஸ்டரில் நிதி மேலாண்மை, இறுதியாண்டில் முதலீட்டு மேலாண்மை. தியரி சமாளித்துவிடுகிறேன், கணக்குதான் உதைக்கிறது. இன்டர்னல் தேர்வுக்குக் கொடுத்த கணக்கு இது:

கேத்தி பாலாடாவில் ஒரு கேரட் கழுவும் மெஷின். விலை 6,00,000 ரூபாய், ஆயுள் 5 ஆண்டு, கடைசியில் ஸ்கிராப் மதிப்பு எதுவும் இல்லை. நேர்கோட்டு முறையில் தேய்மானம். வரிக்குப் பிந்தைய லாபம் ஆண்டுக்கு 60,000. தொடக்கத்தில் நடைமுறை மூலதனம் 50,000 தேவை. தள்ளுபடி விகிதம் 12%. என்.பி.வி. (வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பிலிருந்து போட்ட பணத்தைக் கழித்தது) என்ன?

எனக்கு மைனஸ் 4,33,712 வருகிறது. விடைத்தாளில் பிளஸ் 27,234 என்று இருக்கிறது. எங்கே தப்பு?

கூடவே மூன்று சந்தேகம். என்.ஐ.எஸ்.எம். சான்றிதழில் எதை, எப்போது எழுதலாம்? சி.எஃப்.ஏ., சி.ஏ. எல்லாம் மலையில் இருந்தே முடியுமா? தேயிலையை வைத்து ஃபைனான்ஸ் ப்ராஜெக்ட் செய்ய முடியுமா? லேப்டாப் கிடையாது, போன் மட்டும்தான்.

கணக்கியல்_குன்னூர்:

உங்கள் விடைக்கும் விடைத்தாளுக்கும் வித்தியாசம் 4,60,946 ரூபாய். அதை அப்படியே இரண்டாகப் பிரிக்கலாம்: 4,32,576 + 28,370. இரண்டு தப்பு, இரண்டுமே பரீட்சையில் அதிகம் பேர் செய்வது.

முதல் தப்பு தேய்மானம். நீங்கள் 60,000 லாபத்தையே பணவரவாக எடுத்து, 12% 5 ஆண்டுக்கான அன்யூட்டி காரணி (ஐந்து ஆண்டும் ஆண்டுக்கு ஒரு ரூபாய் வந்தால் அதன் இன்றைய மதிப்பு) 3.6048-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். 2,16,288 வரும். அதிலிருந்து 6,50,000 கழித்தால் உங்கள் மைனஸ் 4,33,712. ஆனால் அந்த 60,000 என்பது ஆண்டுக்கு 1,20,000 தேய்மானம் கழித்த பிறகு நிற்கிற லாபம். தேய்மானம் ஏட்டில் எழுதுகிற செலவு. அந்த 1,20,000-ஐ யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை, பணம் கல்லாவில்தான் இருக்கிறது. மெஷின் விலை முழுவதையும் தொடக்கத்திலேயே கழித்தாயிற்று. தேய்மானத்தையும் கழித்தால் அதே 6 லட்சத்தை இரண்டாவது தடவை கழித்ததாகிவிடும். அதனால் பணவரவு 60,000 + 1,20,000 = 1,80,000. 1,20,000 × 3.6048 = 4,32,576. வித்தியாசத்தின் பெரிய பகுதி இது.

இரண்டாவது நடைமுறை மூலதனம். கேரட் கழுவிக் கொடுத்த கூலி மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து பணம் வந்த பிறகுதான் கைக்கு வரும். அதுவரை டீசல், ஆள் கூலி, சாக்கு எல்லாவற்றுக்கும் கையிலிருந்து போட்டு ஓட்டும் பணம்தான் அந்த 50,000. ஐந்தாம் ஆண்டு முடிவில் தொழிலை மூடும்போது பாக்கியெல்லாம் வசூலாகி அது திரும்ப வந்துவிடும். மெஷின் மாதிரி தேய்ந்து போவதில்லை. திரும்ப வருவது ஐந்து ஆண்டு கழித்து என்பதால், அப்போது வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பான 0.5674-ஆல் பெருக்க வேண்டும்: 50,000 × 0.5674 = 28,370. இதுதான் சின்னப் பகுதி.

இந்தச் சின்னப் பகுதியை அலட்சியம் செய்யக்கூடாது. தேய்மானத்தைச் சரியாகச் சேர்த்துவிட்டு மூலதனம் திரும்புவதை மட்டும் மறந்தால் என்.பி.வி. மைனஸ் 1,136 வரும், "திட்டத்தை நிராகரி" என்று எழுதிவிடுவீர்கள். 28,370-ஐச் சேர்த்ததும் பிளஸ் 27,234 ஆகிறது, "ஏற்கலாம்" என்று முடிவே மாறுகிறது.

இப்படிப்பட்ட தப்பு வராமலிருக்க, சூத்திரத்தை எழுதும் முன் காலக்கோடு போடுங்கள். குறுக்கே ஒரு கோடு, 0 முதல் 5 வரை ஆறு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே அன்றைக்குக் கைக்கு வருவது பிளஸ், கையை விட்டுப் போவது மைனஸ். 0-இல் மைனஸ் 6,50,000. 1 முதல் 4 வரை 1,80,000. 5-இல் 2,30,000. கோட்டில் இடம் கிடைக்காத எண் எதுவும் கணக்கில் வரக்கூடாது. தேய்மானத்தைத் தனியாக ஒரு புள்ளியில் வைக்கப் பார்த்தால், அது எந்தப் புள்ளியிலும் பணமாக நகரவில்லை என்பது தானாகத் தெரியும்.

வட்டியும் இப்படித்தான் குழப்பும். வங்கிக்கடன் வட்டியைப் பணவரவிலிருந்து கழிக்காதீர்கள். 12% என்கிற விகிதத்துக்குள்ளேயே நிதிக்கான செலவு இருக்கிறது. கொடுத்த லாபம் வட்டி கழித்த லாபமாக இருந்தால், வரிச் சலுகை போக மிச்ச வட்டியைத் திரும்பக் கூட்ட வேண்டும்.

ஐ.ஆர்.ஆர். (என்.பி.வி. பூஜ்யமாகிற விகிதம்) கேட்டால் அடுத்தடுத்த இரண்டு விகிதத்தை எடுங்கள். இதே கணக்கில் 13%-க்கு பிளஸ் 10,236, 14%-க்கு மைனஸ் 6,072. இடைச்செருகினால் 13.63%. நேரம் மிச்சம் என்று 10%, 20% எடுத்தால் 14.09% என்று வந்து நிற்கும். என்.பி.வி. வளைகோடாக இறங்குகிறது, நாம் இரண்டு புள்ளிக்கு நடுவே நேர்கோடு போடுகிறோம். இடைவெளி கூடக்கூடப் பிழையும் கூடும்.

ஷீட்_அருவங்காடு:

மேலே சொன்னதற்கு மேல் கருவியைப் பற்றி மட்டும்.

காரணி அட்டவணை தேர்வு அறையில் கொடுக்காமல் போகலாம். சாதாரண 12 இலக்க கால்குலேட்டரே போதும். முதலில் ஜி.டி. (விடைகளைத் தானாகக் கூட்டி வைக்கும்) நினைவை அழித்துவிடுங்கள். 1 ÷ 1.12 போட்டு = பட்டனை ஐந்து தடவை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அந்தந்த ஆண்டின் காரணி வரும்: 0.8929, 0.7972, 0.7118, 0.6355, 0.5674. பிறகு ஜி.டி. அழுத்தினால் ஐந்தின் கூட்டுத்தொகை 3.6048. காசியோவில் சில மாடலில் 1.12 ÷ ÷ 1 என்று போட்டு = அழுத்த வேண்டியிருக்கும். அறைக்குப் போகும் முன் உங்கள் மாடலில் எது ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள். பழைய ஜி.டி. அழியாமல் கிடந்தால் கூட்டுத்தொகை கெட்டுவிடும், தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

போனில் கூகுள் ஷீட்ஸ் போதும், லேப்டாப் வேண்டாம். ஆனால் அதில் உள்ள என்.பி.வி. ஃபங்ஷன் முதல் எண்ணை முதலாம் ஆண்டு முடிவில் வருவதாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் 0-ஆம் புள்ளி மைனஸ் 6,50,000-ஐயும் சேர்த்து உள்ளே கொடுத்தால், மொத்தமும் இன்னொரு தடவை 1.12-ஆல் வகுபட்டு சுமார் 24,300 என்று காட்டும். 1 முதல் 5 வரையுள்ள செல்களை மட்டும் ஃபங்ஷனுக்குள் கொடுத்து, 0-ஆம் செல்லை வெளியே கூட்டுங்கள். எக்ஸெலிலும் இதே கதைதான். ஷீட்டில் வரும் விடை அட்டவணை விடையிலிருந்து நாலைந்து ரூபாய் தள்ளி இருந்தால் கவலைப்படாதீர்கள், அட்டவணை நாலு தசமத்தோடு நின்றுவிடுகிறது.

ஃபண்ட்_மேசை:

சான்றிதழ் கேள்விக்கு.

என்.ஐ.எஸ்.எம். என்பது பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி நிறுவிய கல்வி நிறுவனம். தேர்வுகள் நிறைய இருக்கின்றன, கல்லூரி மாணவருக்கு முதலில் பொருந்துவது சீரிஸ் 5-ஏ, மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வு. 100 கேள்வி, 2 மணி நேரம், 50 எடுத்தால் தேர்ச்சி, தப்பான விடைக்கு மதிப்பெண் கழிவதில்லை. கட்டணம் 1,500 ரூபாய் அளவில். பாடப்புத்தகம் அவர்கள் தளத்திலேயே கிடைக்கிறது, வேறு கைடு தேவையில்லை. என்.ஏ.வி. (ஃபண்டின் ஒரு யூனிட் மதிப்பு) கணக்கிடுவது, செலவு விகிதம், வரி, ரிஸ்க் அளவீடு என்று உங்கள் முதலீட்டு மேலாண்மைப் பாடத்தில் கணிசமான பகுதி இதில் வந்துவிடும். சீரிஸ் 8, ஈக்விட்டி டெரிவேடிவ்ஸ், அடுத்த கட்டம். அதற்கு 60 வேண்டும், ஒவ்வொரு தப்புக்கும் கால் மதிப்பெண் கழியும். ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) பாடம் முடிக்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சான்றிதழ் 3 ஆண்டுதான் செல்லும். இரண்டாம் ஆண்டிலேயே எழுதினால் வேலை தேடும்போது பாதிக்காலம் போயிருக்கும். ஐந்தாவது செமஸ்டர் முடிந்து எழுதுங்கள்.

பான் இல்லாமல் பதிவு செய்ய முடியாது. நம்மூர்க்காரர்களுக்கு இதில்தான் சிக்கல் வரும். பான் அட்டையில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுதாகப் போட்டிருப்பார்கள், ஆதாரிலும் கல்லூரிச் சான்றிதழிலும் இனிஷியல் மட்டும் இருக்கும். பதிவு செய்யும்போது பானில் உள்ளபடி ஒவ்வொரு எழுத்தும் அப்படியே கொடுங்கள். தேர்வு அன்றைக்கு அசல் அட்டையைக் கையில் கொண்டுபோங்கள். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆரம்பித்தால் முடியாது.

மையம் கோவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி எடுக்காதீர்கள், வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து மேட்டுப்பாளையம் சாலையை எப்போது அடைப்பார்கள் என்று சொல்ல முடியாது. பிப்ரவரி, மார்ச் நல்லது. காலை ஸ்லாட் வேண்டாம், மதிய ஸ்லாட் எடுத்தால் கோத்தகிரியில் முதல் பஸ் பிடித்தாலே நிதானமாகப் போய்ச் சேரலாம்.

சி.எஃப்.ஏ. என்பது முதலீட்டுப் பகுப்பாய்வுக்கான சர்வதேசத் தகுதி, மூன்று நிலை. முதல் நிலையில் 180 கேள்வி, தலா 2 மணி 15 நிமிடமாக இரண்டு அமர்வு. பட்டப்படிப்பு முடிய 23 மாதமோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போதே முதல் நிலைக்கு உட்காரலாம். கட்டணம் டாலரில், ஒரு நிலைக்கே ஒரு செமஸ்டர் செலவைப் பல மடங்கு தாண்டும். படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். கோச்சிங் இல்லாமல் படிக்கலாம், ஆனால் கணக்கியல், புள்ளியியல் இரண்டிலும் கை ஓடாமல் பணம் கட்டாதீர்கள்.

சி.ஏ. என்றால் வணிகவியல் பட்டதாரிக்கு 55% இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட் சேரலாம். ஆகவே மொத்த மதிப்பெண் 55-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்டிக்கிள்ஷிப் (ஆடிட்டரிடம் எடுக்கும் பயிற்சி) 2 ஆண்டு, அதற்கு ஊட்டியிலும் குன்னூரிலும் உள்ள ஆடிட்டர் அலுவலகங்களில் கேட்டுப்பார்க்கலாம். எஸ்டேட், டீ ஃபேக்டரி கணக்கு பழக வேண்டுமென்றால் அது கோவையைவிட நல்ல இடம்.

இலைக்கணக்கு:

சான்றிதழ் தேதி விஷயத்தில் ஃபண்ட்_மேசையோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. இறுதியாண்டு கோடை விடுமுறைக்கு முன் இன்டர்ன்ஷிப் கேட்கப் போகிறவர் கையில் 5-ஏ இருந்தால் பேச்சே வேறு. 3 ஆண்டில் ஓர் ஆண்டு போனால் போகட்டும், காலாவதி ஆகும் முன் தொடர்கல்வி வகுப்பில் உட்கார்ந்து புதுப்பித்துக்கொள்ளலாம். நான்காவது செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு எழுதுவதுதான் என் கணக்கு.

ப்ராஜெக்ட்டுக்கு வருகிறேன். "நீலகிரி மாவட்ட மக்களிடையே முதலீட்டு விழிப்புணர்வு" என்று நூறு கேள்வித்தாள் அடித்து, சதவீத அட்டவணையும் கை-ஸ்கொயர் (chi-square) சோதனையும் போட்டு முடிப்பதை தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அதில் ஃபைனான்ஸ் ஒரு துளிகூட இல்லை. நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவீர்கள்.

உங்கள் ஊரைச் சுற்றியே தகவல் கொட்டிக்கிடக்கிறது. யுனைடெட் நீலகிரி டீ எஸ்டேட்ஸ், நீலமலை அக்ரோ இரண்டும் பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிகள், ஆண்டறிக்கை இலவசம். குன்னூர் தேயிலை ஏலத்தின் வாரச் சராசரி விலையும் கிடைக்கும். மூன்று கேள்வியில் ஒன்றை எடுங்கள்: ஏல விலை ஏறி இறங்கினால் கம்பெனி லாபம் எவ்வளவு அசைகிறது? பங்கின் பீட்டா (சந்தை அசையும்போது பங்கு எவ்வளவு அசைகிறது என்ற அளவு) என்ன? ஏட்டு மதிப்பை (கணக்கில் எழுதியிருக்கும் மதிப்பு) நம்பலாமா?

தேயிலைக் கம்பெனி ஆண்டறிக்கையைத் திறந்தால் பாடப்புத்தகத்தில் இல்லாத சில விஷயம் கண்ணில் படும். தேயிலைச் செடி நிலையான சொத்தில் இருக்கும், அதற்கும் தேய்மானம் உண்டு. ஆனால் மார்ச் 31 அன்று செடியில் பறிக்காமல் நிற்கிற பச்சை இலை தனியாக உயிரியல் சொத்து என்று நியாய மதிப்பில் வரும். நிலம் பழைய காலத்து விலையில் கிடக்கலாம். அதனால் விலைக்கும் ஏட்டு மதிப்புக்குமான விகிதத்தை மட்டும் பார்த்து "மலிவு", "அதிகம்" என்று எழுதக்கூடாது. வரியிலும் ஒரு நுணுக்கம்: சொந்தத் தோட்டத்தில் விளைவித்துத் தூளாக்கி விற்கும் வருமானத்தில் 40% மட்டும்தான் மத்திய வருமானவரிக்கு உட்பட்ட தொழில் வருமானம், 60% விவசாய வருமானம். வரிக்கு முந்தைய லாபத்தில் 25% கழிந்திருக்கும் என்று எதிர்பார்த்து வகுத்துப் பார்த்தால் எண் ஒத்துவராது, அதைத் தப்பு என்று நினைத்து மாற்றி வைக்காதீர்கள். "இதர வருமானம்" என்ற தலைப்பையும் கட்டாயம் பிரித்துப் பாருங்கள். தோட்டம் நஷ்டத்தில் ஓடி, முதலீட்டு வருமானம் லாபம் காட்டுகிற ஆண்டுகள் இந்தத் தொழிலில் வரும்.

விலையோடு லாபத்தை ஒப்பிடும்போது ஆண்டைக் கவனியுங்கள். கம்பெனிக்கு ஏப்ரல் முதல் மார்ச், ஏலத்தில் சேல் எண் (வார ஏலத்தின் வரிசை எண்) ஜனவரியிலிருந்து. வாரத் தரவைக் காலாண்டாக மாற்றி ஏப்ரலிலிருந்து அடுக்க வேண்டும். சராசரி எடுக்கும்போது விற்ற கிலோவை எடையாக வைத்து எடுங்கள். வரத்து அதிகமான மாதங்களில் விலை இறங்கும், பனி விழும் ஜனவரியில் வரத்து சுருங்கும். எல்லா வாரத்துக்கும் சம எடை கொடுத்தால் சராசரி விலை உண்மையைவிட உயர்ந்து நிற்கும்.

பீட்டாவுக்கு 60 மாத முடிவு விலை எடுங்கள். விலையை அப்படியே போடாமல் மாத வருவாய் சதவீதமாக மாற்றி, பிறகு ஸ்லோப் ஃபங்ஷன். அதில் முதலில் பங்கு, அடுத்து சந்தைக் குறியீடான நிஃப்டி. வரிசை மாறினால் வேறு எண் வரும், பிழைச்செய்தி வராது. போனஸ், பங்குப் பிரிப்பு சரிசெய்யாத விலையில் ஒரே மாதத்தில் 50% வீழ்ச்சி தெரியும், அந்த ஒற்றை மாதமே பீட்டாவைக் கெடுத்துவிடும். இந்த மாதிரிச் சின்னக் கம்பெனியில் சில நாள் வியாபாரமே நடக்காது, தினசரி விலையை எடுத்தால் பீட்டா பொய்யாகக் குறைந்து காட்டும். மாதத் தரவு எடுக்கச் சொல்வது அதற்காகத்தான்.

கோத்தகிரி_பிகாம்:

ரொம்ப நன்றி சார். காலக்கோடு போட்டுச் செய்தேன், 27,234 வந்துவிட்டது. இன்னும் இரண்டு. எஸ்.ஐ.பி.யில் (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) மாதம் 5,000 வீதம் 12 மாதம் போட்டு ஆண்டு முடிவில் 63,000 இருந்தால் வருவாய் 5% தானே? ஆப்பில் 9.36 என்று காட்டுகிறது. அப்புறம் வகுப்பில் சிலர் டெலிகிராம் குரூப் பார்த்து ஆப்ஷன் வாங்குகிறார்கள். படிப்புக்கு உதவும் என்கிறார்கள், உண்மையா?

ஃபண்ட்_மேசை:

இரண்டாவதற்கு முதலில். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டில் எஃப் அண்டு ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வியாபாரம் செய்த தனிநபர்களில் 93% பேர் நஷ்டம். ஆப்ஷனின் விலை எப்படி உருவாகிறது என்று படிக்க ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். என்.எஸ்.இ. பங்குச்சந்தைத் தளத்தில் ஆப்ஷன் செயின் (ஆப்ஷன் விலைகளின் அட்டவணை) இலவசம். ஒரு ஸ்டிரைக் விலையை (ஒப்பந்தத்தில் குறித்த விலை) எடுத்து, காலாவதி நாள் வரை தினமும் பிரீமியத்தை (ஆப்ஷனை வாங்கக் கொடுக்கும் விலை) நோட்டில் எழுதி வாருங்கள். நிஃப்டி அசையாத நாளிலும் பிரீமியம் கரைவதைப் பார்ப்பீர்கள், பாடத்தில் வரும் கால மதிப்பு அதுதான். டிப்ஸ் கொடுப்பவர் ஆராய்ச்சி ஆய்வாளர் என்று சொன்னால் ஐ.என்.எச். என்று தொடங்கும் பதிவு எண்ணையும், ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ. எண்ணையும் கேட்டு, செபி தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். எண்ணை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பினால் ஏற்காதீர்கள், இன்னொருவர் எண்ணைப் போட்டுக்கொள்ளும் ஆட்கள் உண்டு.

கணக்கியல்_குன்னூர்:

எஸ்.ஐ.பி.க்கு மறுபடியும் காலக்கோடுதான். முதல் 5,000 மட்டும்தான் 12 மாதம் இருந்தது. கடைசி 5,000 ஒரு மாதம்தான். சராசரியாகப் பார்த்தால் உங்கள் பணம் ஆறரை மாதம் மட்டுமே வேலை செய்திருக்கிறது, அதற்குள் 3,000 ரூபாய். ஆப் காட்டுவது சரி, ஆண்டு வீதத்துக்கு 9.36%.

இதே கோட்டைத் திருப்பிப் போட்டால் கடன். 1,00,000 ரூபாய், 10% ஃபிளாட் வட்டி, 24 மாதத் தவணை என்றால் மாதம் 5,000. அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி மட்டும் முழு ஒரு லட்சத்துக்கே போடப்படுகிறது. மாத வீதத்தை 12-ஆல் பெருக்கிப் பார்த்தால் அதன் உண்மை வீதம் ஆண்டுக்கு 18%-க்குச் சற்று மேல். குழுக்கடன், வண்டிக்கடன் எதுவானாலும் போட்டுப் பாருங்கள், ஐ.ஆர்.ஆர். அதில்தான் நன்றாகப் பதியும்.

ஷீட்டில் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். (தேதிவாரியாக ஐ.ஆர்.ஆர். காணும் ஃபங்ஷன்) போடும்போது ஒரு பத்தியில் தேதி, அடுத்ததில் தொகை. போட்ட 12 தவணையும் மைனஸ், கடைசித் தேதியில் 63,000 பிளஸ். எல்லாமே பிளஸாக இருந்தால் பிழை காட்டும். போனில் தட்டும்போது 05.01.2025 என்று புள்ளி வைத்த தேதியை ஷீட் எழுத்தாக எடுத்துக்கொள்வதுண்டு, அப்போதும் பிழைதான் வரும். தேதி செல்லின் வலது ஓரம் ஒட்டி நின்றால் எண்ணாகப் பதிந்திருக்கிறது, இடது ஓரம் நின்றால் எழுத்து. புள்ளிக்குப் பதில் சாய்கோடு போட்டு, ஃபார்மேட்டைத் தேதி என்று மாற்றிவிடுங்கள்.